யாழ்ப்பாணப் பாசி: நெய்தல் நில மருந்துகள் மூன்றின் வரலாறு

கடலாற் சூழப்பட்ட ஈழநாட்டிலே கடலுக்கு மிக அண்மையில் வாழ்பவர் யாழ்ப்பாணக் குடாநாட்டினர். இக்குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ பத்து மைலுக்கு அப்பால் இல்லை. வற்றாத நன்னீராறு ஒன்றுமில்லாத இந்நிலத்தில், உப்புக் காற்றையும் உவர் மண்ணையும் தாங்கி வளரும் மரஞ்செடிகொடிகள் பலவுள. உணவுக்கும் விறகுக்கும் வலைக்குச் சாயமேற்றுவதற்கும் அவை உதவியதுபோலவே நோய்க்கு மருந்தாகவும் உதவி வந்தன. எனினும் எங்கள் வைத்திய மரபைப் பற்றிப் பேசுவோர் பொதிய மலையையும் கொல்லி மலையையும் நினைக்குமளவிற்குத் தம் வாயிலிலுள்ள மணற்றிடரையும் உப்பங்கழியையும் நினைப்பதில்லை. மலை தந்த மருந்துகளைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. கரை தந்த மருந்துகளின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கின்றது.

அவ்வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆதலின் மூன்று பொருள்களை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று மணலிற் படரும் அடம்பன் கொடி. மற்றொன்று மணலுள் மறைந்திருக்கும் சாயவேர். மூன்றாவது, உலக மருந்து நூல்களில் யாழ்ப்பாணத்தின் பெயரையே தாங்கி நின்ற கடற்பாசி. இவை மூன்றும் ஒரே கரையிற் பிறந்தவை. ஆயின் ஒன்றற்கு நேர்ந்த கதி மற்றொன்றற்கு நேரவில்லை. ஏன் நேரவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்தலும் நூல் மரபும்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டது. ஐங்குறுநூறு, குறுந்தொகை, நற்றிணை முதலிய தொகை நூல்களின் நெய்தற் பாட்டுக்களிலே புன்னை, தாழை, ஞாழல், கண்டல், அடும்பு, முண்டகம் என்னும் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புலவர் இவற்றைக் காட்சிக்காகவும் உள்ளுறைக்காகவும் கூறினரேயன்றி மருந்துக்காகக் கூறினரல்லர். ஆயினும் கரையோரச் செடிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் நுண்ணறிவு அக்காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பதற்கு அப்பாட்டுக்கள் சான்றாகும். மருத்துவத்துக்கு முதற்படி செடியைத் தவறின்றி அறிதலன்றோ?

ஈழத்தில் இவ்வறிவு ஊர்ப்பெயர்களிலும் பதிந்துள்ளது. மன்னார்ப் பகுதியில் அடம்பன் என ஓர் ஊர் உண்டு. வடமராட்சி கிழக்கிலே தாழையடி, மட்டக்களப்பிலே புன்னைச்சோலை, புத்தளத்திலே தில்லையடி என்பன உள. ஓர் ஊருக்குப் பெயராகுமளவிற்கு ஒரு செடி மக்கள் வாழ்வோடு இணைந்திருந்ததென்றால், அதன் குணமும் குற்றமும் அவர்களுக்குத் தெரியாதிருக்க இயலாது. புன்னை வித்தின் எண்ணெய் விளக்குக்குப் பயன்பட்டது; வாத நோய்க்கும் சொறி சிரங்குக்கும் மேற்பூச்சாகவும் அமைந்தது. தில்லை மரத்தின் பாலோ கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கவல்லது. அம்மரத்தை வெட்டச் செல்வோர் முகத்தைக் காத்துக்கொண்டு வெட்டுவர். அதே மரம் ஆறாப் புண்ணுக்கு மருந்தாகவும் கூறப்பட்டது. சிதம்பரத் தலத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் உப்பங்கழியில் வளரும் இம்மரமேயாகும்.

யாழ்ப்பாணத்தை ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தில் வைத்தியமும் சோதிடமும் அரச ஆதரவு பெற்றன. அம்மன்னர் மாறி மாறிப் புனைந்த சிங்கையாரியப் பட்டங்களாகிய செகராசசேகரன், பரராசசேகரன் என்பனவே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களுக்குப் பெயராயின. இவற்றுள் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே பகுதி பகுதியாகப் பதிப்பித்து அழியாது காத்தார். இத்தகைய நூல்களில் வரும் சரக்குகளை நோக்கின், கடலிலிருந்து பெற்றவை பெரும்பாலும் தாதுப் பொருளாகவும் சீவப் பொருளாகவும் இருத்தலைக் காணலாம். முத்து, பவளம், சங்கு, பலகறை, கடல்நுரை, உப்பு ஆகியன நீற்றியும் புடமிட்டும் பற்பமாகவும் சுண்ணமாகவும் வழங்கப்பட்டன. தாவரம் என்று வரும்போது தரையின் மூலிகைகளே மிகுதி. கடலுள் வளரும் பாசியினங்கள் அந்த இடத்தைப் பெறவில்லை. பாசியைப் பற்றிய அறிவு ஏட்டைவிடக் கரையோர மக்களின் அடுக்களையிலேயே வாழ்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

அடம்பன் கொடி

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்னும் பழமொழியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். சங்கநூல்கள் அடும்பு என்று கூறுவது இதனையே. ஆட்டுக் குளம்பு போலப் பிளவுபட்ட இலையும் ஊதா நிறப் பூவும் உடைய இக்கொடி, வேறெதுவும் வேரூன்ற இயலாத வெறுமணலிற் படர்ந்து, காற்றாற் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றது. கணுதோறும் வேர்விடுதலால் அலை ஒரு பகுதியை அறுத்துச் சென்றாலும் எஞ்சிய பகுதி உயிர் வாழும். மணல் மேடு உருவாவதற்கு முதலில் வழி செய்வது அடம்பன் கொடியே.

மீன்பிடிப்போர் இதனை வேறொரு காரணத்துக்காகவும் போற்றினர். கடற்சொறி உடலிற் பட்டால் தோல் தடித்துச் சிவந்து எரிச்சலும் வலியும் உண்டாகும். அவ்வேளையில் அடம்பன் இலையைக் கசக்கிச் சாற்றைப் பூசுதல் இந்து சமுத்திரத்தின் பல கரைகளிலே கண்ட வழக்கம். வீக்கத்துக்கும் மூட்டு வலிக்கும் இலையை வதக்கிக் கட்டுதலும் உண்டு. இம்மருந்துக்கு வைத்தியர் வேண்டியதில்லை, விலையுமில்லை. நோய் உண்டாகும் இடத்திலேயே மருந்தும் வளர்கின்றது.

இவ்வழக்கம் வெறும் நம்பிக்கையா, அன்றி உண்மையான குணமா? தாய்லாந்திலும் இதே வழக்கம் இருந்தமையால், அந்நாட்டு ஆராய்ச்சியாளரும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரும் ஒன்றுசேர்ந்து அடம்பன் இலைச் சத்தை ஆய்வுகூடத்திற் பரிசோதித்தனர். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, கடற்சொறி நஞ்சின் சில செயல்களை அச்சத்து தடுக்கின்றது எனக் காட்டியது. ஆய்வுகூடத்திற் கண்டது எல்லா இனக் கடற்சொறிக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. சில இனங்களின் நஞ்சு உயிருக்கே ஆபத்தாகுமாதலின் அத்தகைய நேரத்தில் இலைச்சாற்றை நம்பி மருத்துவரை நாடாதிருத்தல் பெரும் பிழையாகும். ஆயினும் மீன்பிடிப்போர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம் ஒன்று, அளவறிந்த சோதனைக்கு உட்பட்டும் நிலைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அடம்பன் கொடி மக்களிடமே தங்கிய மருந்தாகும். அதனை வாங்குவாரும் விற்பாரும் இன்மையால் எந்த அரசும் அதன்மீது வரி விதிக்கவில்லை. எந்தக் கம்பனியும் அதனை உரிமை கொண்டாடவில்லை.

சாயவேர்

சாயவேரின் கதை இதற்கு முற்றிலும் மாறானது. இச்சிறு செடியை வைத்திய நூலோர் இம்பூறல் என்பர். ஒரு சாணளவு மேலே தோன்றும் செடிக்கு மணலுள் நீண்டு செல்லும் மெல்லிய வேர் உண்டு. அவ்வேரின் பட்டை இரண்டு குணங்களை உடையது. ஒன்று மருத்துவ குணம்: இருமலோடு இரத்தம் வருதல், கோழைக்கட்டு, இரைப்பு ஆகியவற்றுக்கு இம்பூறல் சிறந்த மருந்தாகச் சித்த வைத்தியர் கொண்டனர். மற்றொன்று சாயக் குணம்: படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியை இவ்வேரின் கொதிநீரிலே தோய்த்தால், வெயிலுக்கும் வெளுப்புக்கும் மங்காத செந்நிறம் ஏறும்.

இவ்விரண்டாவது குணமே இச்செடிக்கு வினையாயிற்று. சோழமண்டலக் கரையில் நெய்து எழுதப்பட்ட துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளிலும் ஐரோப்பாவிலும் விலைபோன காலத்தில் சாயவேருக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் காடாக வளர்ந்த வேர், பயிரிட்ட வேரினும் நிறம் மிக்கது எனப் பெயர்பெற்றது. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, யானை, முத்து, சங்கு ஆகியவற்றோடு சாயவேரையும் தனக்குரிய வருவாய்ப் பொருளாக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அதிகாரியாயிருந்த சுவாதகுறூன் 1697 ஆம் ஆண்டிலே எழுதிவைத்த அறிக்கையில் இவ்வேரைப் பற்றிய செய்தியும் இடம்பெற்றுள்ளது. வேர் கிளறும் தொழில் அத்தொழிலுக்குரியவர் எனக் கொள்ளப்பட்ட ஒரு சமூகத்தாரின் கடமையாக்கப்பட்டது. கிளறியதைக் கம்பனி வகுத்த விலைக்குக் கம்பனிக்கே கொடுத்தல் வேண்டும். இவ்வாறாக, வைத்தியன் ஒருவன் தன் தோட்டத்து வேலிக்கருகிற் பிடுங்கிக்கொள்ளும் மூலிகை, அரசின் களஞ்சியத்திற்குரிய பண்டமாயிற்று.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. வேரின் வருவாய் சிறிது காலம் தொடர்ந்து, பின் மெலிந்தது. இறுதி அடி வெகு தூரத்திலிருந்து வந்தது. சாயவேரின் செந்நிறத்துக்குக் காரணமான அலிசறின் என்னும் பொருளை, ஜேர்மனியைச் சேர்ந்த கிறேபே, லீபர்மன் என்னும் இரசாயன அறிஞர் இருவர் 1868 ஆம் ஆண்டிலே செயற்கையாக ஆக்கினர். சில ஆண்டுகளுள் தொழிற்சாலைச் சாயம் உலகச் சந்தையை நிறைத்தது. ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்களும் எங்கள் கரையின் சாயவேரும் ஒருங்கே மதிப்பிழந்தன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் தகும். சாயத்துக்குப் பதிலி கிடைத்தமையாற் சாயவேர் வாணிகம் மடிந்தது. ஆயின் மருந்துக் குணம் அதனால் மாறவில்லை. எனினும் இருநூறு ஆண்டுகளாக வேர் என்றாற் பணம் என்றிருந்த நிலையில், அச்செடியை அகழ்ந்தெடுக்கும் கையும் இனங்காணும் கண்ணும் வாணிகத்தோடு பிணைந்துவிட்டன. வாணிகம் போனபோது அவையும் குன்றின. இன்று இம்பூறல் என்னும் பெயரை மருந்துக் கடையிற் கேட்கலாம். மணலிற் கண்டு இதுதான் என்று சுட்டுவோர் அரியர்.

யாழ்ப்பாணப் பாசி

மூன்றாவது பொருள் கடலுக்குள்ளேயே வளர்வது. ஆழமில்லாத கடனீரேரிகளில், மணலும் சேறும் கலந்த அடியிலே கல்லையும் சிப்பியையும் பற்றிக்கொண்டு கிளைகிளையாக வளரும் செம்பாசி ஒன்று உண்டு. உயிரோடிருக்கும்போது செந்நிறமும் கருமையும் கலந்து தோன்றும் இது, நன்னீரிற் கழுவி வெயிலிற் காயவிட வெளிறி வெண்மையாகும். தாவரவியலார் இதனைக் கிறசிலேரியா என்னும் பேரினத்தில் வைத்தனர். இராமநாதபுரக் கரையார் இதனைக் கஞ்சிப்பாசி என்பர். பஞ்ச காலத்திலும் நோய்க் காலத்திலும் கஞ்சியாகக் காய்ச்சப்பட்டமையை அப்பெயரே உணர்த்தும். நோன்புக் காலத்தில் முஸ்லிம் மக்கள் ஆக்கும் கடற்பாசி என்னும் குளிர்ந்த பண்டமும் இவ்வினப் பொருளாலாயதே. பகல் முழுவதும் நீரருந்தாத உடலுக்கு அது குளிர்ச்சி தருவது என்பது அவர்தம் அனுபவம்.

இப்பாசியை மேனாட்டு மருத்துவத்துக்கு அறிமுகஞ் செய்தவர் வில்லியம் புறூக் ஓஷோனசி என்னும் அயர்லாந்து வைத்தியர். 1833 ஆம் ஆண்டிலே கல்கத்தாவுக்கு வந்த இவர், அதற்கு முன் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது நோயாளரின் இரத்தத்தைப் பரிசோதித்து, நோயினால் இரத்தத்திலுள்ள நீரும் உப்புக்களும் குறைகின்றன என்று கண்டறிந்தவர். இழந்த நீரையும் உப்பையும் திருப்பி அளிக்கும் சிகிச்சை முறைக்கு அக்கண்டுபிடிப்பு அடிப்படையாயிற்று. கல்கத்தாவில் இரசாயனப் பேராசிரியராக இருந்து இந்திய மருந்துப் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த இவர், 1834 ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வந்த பாசியையும் ஆராய்ந்தார். அக்காலத்தில் அயர்லாந்துக் கரையிற் பெறப்பட்ட பாசி ஒன்று ஐரோப்பாவிலே நோயாளருக்குரிய உணவாகப் புகழ்பெற்று வந்தது. தம் நாட்டுப் பாசிக்கு ஈடானதொன்று கீழைக்கடலிலும் உண்டு என்பதை ஓஷோனசி கண்டனர். அவருடைய பகுப்பின்படி இப்பாசியின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பாகம் கூழ்ப்பசையாகும். எஞ்சியவை மாப்பொருள், நார், பிசின், சில உப்புக்கள் ஆகியன.

பாசி எடுக்கப்பட்ட முறையும் அக்கால நூல்களிற் கூறப்பட்டுள்ளது. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள பெரிய கடனீரேரியில் இது மிகுதியாக வளர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர் கலங்க, பாசி தானே அற்று மிதந்து கரையை அடையும். மக்கள் அதனைச் சேர்த்துப் பாயிற் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்துவர். பின் நன்னீரிற் பலமுறை கழுவி மீண்டும் வெயிலில் இடுவர். இவ்வாறு வெளுத்த பாசியை நீரில் இருபது நிமிடமளவு காய்ச்சித் துணியில் வடித்து ஆறவிட்டால் தெளிந்த கூழ் கிடைக்கும். அதனோடு சர்க்கரையும் பாலும் வாசனைப் பொருளும் சேர்த்து, வயிற்றுப்போக்கு, இருமல், தொண்டை அழற்சி ஆகியவற்றால் மெலிந்தவர்க்கும் குழந்தைகளுக்கும் கொடுத்தனர். இம்முறையில் ஓஷோனசி புதிதாகச் சேர்த்தது அதிகமில்லை. கழுவுதலும் உலர்த்துதலும் காய்ச்சுதலும் கரையோர மக்களிடம் ஏற்கனவே இருந்தவை. அவர் சேர்த்தது பகுப்பும் அளவும் அச்சிற் பதிந்த எழுத்துமாகும்.

அந்த எழுத்தே பாசிக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. 1868 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருந்து நூலில் இப்பாசி இடம்பெற்றது. 1874 ஆம் ஆண்டில் புளுக்கிகர், ஹன்பரி என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட பார்மக்கோகிறாபியா என்னும் புகழ்பெற்ற நூலிலே இலங்கைப் பாசி என்பதோடு யாழ்ப்பாணப் பாசி என்னும் பெயரும் தலைப்பாகவே காணப்படுகின்றது. இலண்டனிலும் ஸ்திராஸ்பூக்கிலும் மருந்துச் சரக்கு படித்த மாணவர் எங்கள் ஊர்ப்பெயரை ஒரு பாசியின் பெயராகக் கற்றனர். அதே காலத்தில் மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 1847 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து 1873 இல் மீண்டு சென்ற அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலாம் என்பதை மாணவரைப் பயிற்றி நிறுவினார். மேனாட்டு மருந்து நூலும் தமிழும் எங்கள் மண்ணிலேயே சந்தித்த காலம் அது.

அடுக்களையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

இதன் பின்னர் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. கிறசிலேரியாவும் அதன் உறவுப் பாசிகளும் தரும் கூழ்ப்பசைக்கு மலாய் மொழியில் அகர்-அகர் என்று பெயர். யாவாவிலும் மலாயாவிலும் சீனத்திலும் யப்பானிலும் அது அடுக்களைப் பொருளாக இருந்தது. 1881 ஆம் ஆண்டில், ஜேர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திலே வால்தர் ஹெசே என்னும் மருத்துவர் பணிபுரிந்து வந்தார். பற்றீரியாவைத் தனித்து வளர்ப்பதற்கு அங்கே ஜெலற்றினைப் பயன்படுத்தினர். கோடை வெப்பத்தில் ஜெலற்றின் உருகிவிடும். பற்றீரியாவிற் சில அதனைக் கரைத்தும் விடும். ஹெசேயின் மனைவியாகிய பனி ஹெசே, தாம் வீட்டில் ஆக்கும் கூழ்ப்பண்டம் கோடையிலும் உருகாமலிருத்தலைச் சுட்டி அகரைப் பயன்படுத்துமாறு கூறினார். யாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒல்லாந்த அயலவரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார்.

அகரின் தனிக்குணம் யாதெனில், உருகுதற்கு 85 பாகை சென்ரிகிறேட் அளவு வெப்பம் வேண்டும். உருகியபின் ஆறினால் 35 முதல் 40 பாகைக்குள்ளேயே உறையும். ஆதலின் மனித உடலின் வெப்பநிலையில் நாட்கணக்காக வைத்தாலும் அது திண்மையாகவே நிற்கும். பெரும்பாலான பற்றீரியாவுக்கு அதனைச் செரிக்கும் ஆற்றலுமில்லை. 1882 ஆம் ஆண்டிலே காசநோய்க் கிருமியைப் பற்றிக் கொக் வெளியிட்ட கட்டுரையில் அகர் சுருக்கமாகக் குறிக்கப்பட்டது. பனி ஹெசேயின் பெயர் குறிக்கப்படவில்லை. 1887 இல் பெத்திரி என்பார் மூடியுள்ள தட்டைக் கிண்ணத்தை அமைத்தார். அன்று தொட்டு இன்று வரை உலகின் மருத்துவமனைகளெல்லாவற்றிலும் நோய்க் கிருமியை வளர்த்து இனங்காண்பதற்கு அகர் பூசிய கிண்ணமே பயன்படுகின்றது. வயிற்றுப்போக்குக்குக் கஞ்சியாகக் கொடுக்கப்பட்ட பொருள், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமியைக் கண்டறியும் கருவியாயிற்று.

அகர் வாணிகத்தில் யப்பான் தலைசிறந்து நின்றது. 1941 ஆம் ஆண்டின் இறுதியில் யப்பான் போரில் இறங்கியபோது அந்நாட்டு அகர் நேச நாடுகளுக்குக் கிடையாதாயிற்று. மருத்துவ ஆய்வுகூடங்கள் தவித்தன. நாடுதோறும் தத்தம் கரைகளிற் பாசி தேடினர். யாழ்ப்பாணப் பாசிக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது எனலாம். ஆயின் கிறசிலேரியாவிலிருந்து எடுக்கும் அகர் சற்று மென்மையானது. காரமிட்டுப் பதப்படுத்தி அதன் சல்பேற்றைக் குறைத்தாலன்றி உறுதியான கூழ் தராது. அத்தகைய தொழில்நுட்பமும் முதலும் இடைவிடாத ஆராய்ச்சியும் ஒருங்கு சேர்ந்த நாடுகள் முன்னேறின. இலங்கைப் பாசிகளைச் சுவீடன் நாட்டு சுவேதலியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். எங்கள் நாட்டவராகிய துரைரத்தினம் 1961 இல் இலங்கைக் கடற்பாசிகளைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். அறிவு திரட்டப்பட்டது, அதன்மேற் பெருந்தொழில் எழவில்லை.

அண்மைக் காலத்திற் கிளிநொச்சிக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கயிற்றிற் கட்டிப் பாசி வளர்த்தல் தொடங்கியுள்ளது. அதனாற் கரையோரக் குடும்பங்கள் வருவாய் பெறுகின்றன. வளர்க்கப்படுவதோ தென்கிழக்காசியாவிலிருந்து வந்த கப்பாபைக்கஸ் என்னும் வேறோர் இனம். எங்கள் பெயரைத் தாங்கிய பாசி கடனீரேரியில் இன்றும் வளர்கின்றது. அதற்கு அப்பெயர் இருந்ததை எங்களில் எத்தனை பேர் அறிவர்?

அளவும் ஆராய்ச்சியும்

கடல் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது புகழ்ச்சி எல்லை கடத்தல் எளிது. கடற்பாசி எல்லா நோயையும் தீர்க்கும் என்று கூறுவாரும் உளர். அயடீனின் வரலாறு இதற்குத் தக்க பாடமாகும். சீனர் கண்டக்கழலைக்குக் கடற்பாசியை மருந்தாகக் கொடுத்தனர். ஐரோப்பியர் கடற்பஞ்சைச் சுட்ட சாம்பலைக் கொடுத்தனர். இரண்டும் சிலவிடத்துப் பலித்தன, சிலவிடத்துப் பலிக்கவில்லை. ஏன் என்பதை ஒருவரும் அறிந்திலர். 1811 ஆம் ஆண்டில் பிரான்சிலே கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீன் என்னும் மூலகத்தைக் கண்டார். 1820 இல் ஜெனீவா நகரத்து வைத்தியர் குவாந்தே அதனைக் கண்டக்கழலைக்குக் கொடுத்துக் குணங்கண்டார். ஆயின் அளவு மிகுந்தபோது நோயாளர் சிலர் துன்புற்றனர். அதனால் அம்மருந்துக்குப் பெரும் எதிர்ப்பும் எழுந்தது. மருந்து மெய்யானதே, பிழை அளவில் இருந்தது.

இலங்கையில் இந்நோய் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியிலே நெடுங்காலமாகக் காணப்பட்டது. 1995 ஆம் ஆண்டு முதல் உணவுப்புக்கு அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. கடலின் மருந்து, கடலின் உப்பினூடாகவே, அளந்த சிறு கூறாக நாட்டவர் யாவரையும் சென்றடைகின்றது. பாசியை உண்பவர் எவ்வளவு அயடீன் பெறுகின்றார் என்பது பாசியின் இனத்துக்கும் வளர்ந்த நீருக்கும் ஏற்ப வேறுபடும். கழிவு கலந்த நீரில் வளர்ந்த பாசி தீய உலோகங்களையும் உறிஞ்சியிருக்கக்கூடும். கபிலப் பாசிக்குக் கூறிய குணத்தைச் செம்பாசிக்கு ஏற்றிக் கூறுதலும் தவறேயாகும். எனவே முன்னோர் கூறினர் என்பது ஆராய்ச்சிக்குத் தொடக்கம், அது முடிவன்று.

முடிவுரை

மேற்கூறிய மூன்று வரலாறுகளையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அடம்பன் கொடி நிலைத்தது. அதனைப் பயன்படுத்தியவர் அதன் அருகிலேயே வாழ்ந்தனர், அதன் பயனும் நாடோறும் கண்டறியப்பட்டது. சாயவேர் மறைந்தது, அதன் மதிப்பைச் சந்தை ஒன்றே நிர்ணயித்தது, சந்தை கைவிட்டபோது கைகொடுப்பார் இலர். யாழ்ப்பாணப் பாசி உலகப் பயன் பெற்றது. அதன் குணத்தை ஒருவர் அளந்து எழுதினார், பிறர் அதன்மேற் கட்டினர். ஆயின் எழுதியவரும் கட்டியவரும் பிற நாட்டார் ஆதலின் பயனும் புகழும் அவரையே சார்ந்தன. அறிந்திருத்தல் மட்டும் ஓர் அறிவைக் காப்பதில்லை. அதனைக் கைக்கொள்ளுதலும் எழுதுதலும் சோதித்தலும் ஒருங்கு நிகழ்ந்தாலன்றி அது நிலைபெறாது.

இன்று காலம் குறுகி வருகின்றது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நெடிய போரும் கரையோர மக்களை இடம்பெயரச் செய்தன. மணல் அகழப்படுதலால் அடம்பன் படரும் மேடுகள் குறைகின்றன. கண்டலும் கண்ணாவும் பலவிடத்து வெட்டப்பட்டன. செடி எஞ்சினும் அதனை அறிந்த முதியோர் எஞ்சாதொழிதல் கூடும். இந்நிலையிற் கல்லூரி மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அதற்குப் பெரும்பொருளோ கருவியோ வேண்டியதில்லை. தத்தம் ஊர்க் கரையில் வளரும் செடி யாது, அதற்கு ஊரார் வழங்கும் பெயர் யாது, எந்த உறுப்பு எந்த நோய்க்கு எவ்வாறு எவ்வளவு கொடுக்கப்பட்டது, கூறியவர் தாமே கண்டாரா பிறர் கூறக் கேட்டாரா என்பவற்றை முறையாகக் குறித்து, செடியின் ஒரு கிளையையும் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தல் வேண்டும். தாவரவியல் கற்கும் மாணவரும் தமிழ் கற்கும் மாணவரும் கூடிச் செய்தற்கு இதனினும் ஏற்ற பணி இல்லை. அவ்வாறு தொகுத்தவற்றுள் எவை மெய், எவை பொய் என்பதைப் பின்வரும் ஆராய்ச்சியாளர் துணிவர். தொகுக்காது விட்டால் அவர் துணிவதற்கு ஒன்றும் இராது.